கிளவுட் வழியாக சிங்க் செய்த செட்டிங்ஸ் சொதப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

இந்த வழிமுறை ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டுக்கானது. ஒரு செயலியின் செட்டிங்ஸ் கோப்புறையை டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், சிங்க்திங் போன்ற ஏதோ ஒன்றுக்குள் நகர்த்திவிட்டு, செயலி வழக்கமாகத் தேடும் இடத்தில் ஒரு லிங்க் (அந்தப் புதிய இடத்தைச் சுட்டிக்காட்டும் குறி) மட்டும் போட்டிருக்கிறீர்கள். வீட்டுக் கணினி, அலுவலக லேப்டாப் என எல்லாவற்றிலும் அதே லிங்க். அல்லது நோட்பேட்++ போல, கிளவுட் கோப்புறை எங்கே என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் செயலியைப் பயன்படுத்துகிறீர்கள்.

கிளவுட் மென்பொருள் ஒரு கோப்பு மாறியதா என்று மட்டும்தான் பார்க்கிறது. செயலி அதை எழுதி முடித்துவிட்டதா, எழுதியது உருப்படியானதா என்பதெல்லாம் அதன் கணக்கில் கிடையாது. கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

## எதையும் தொடுவதற்கு முன்

1. எல்லாக் கணினிகளிலும் சிங்க்கை நிறுத்தி வையுங்கள். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மூன்றிலும் டாஸ்க்பார் ஐகானில் 'பாஸ்' (Pause) இருக்கிறது.
2. சிக்கலுக்குரிய செயலியை எல்லாக் கணினிகளிலும் மூடுங்கள். சன்னலை மூடினால் போதாது. ஓரத்தில் ஐகானாக ஒளிந்துகொண்டு ஓடும் செயலிகளும் உண்டு.
3. எந்தக் கணினியில் செட்டிங்ஸ் நன்றாக இருக்கிறதோ, அங்கிருந்து அந்தக் கோப்புறையைக் கிளவுடுக்கு வெளியே, டெஸ்க்டாப்பில் அல்லது பென் டிரைவில், நகலெடுங்கள்.
4. சரிசெய்து முடித்தபின் சிங்க்கை ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இயக்காதீர்கள். நல்ல நகல் உள்ள கணினியில் முதலில் இயக்கி, பதிவேற்றம் முடிந்ததா என்று இணையதளத்தில் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக.

இவ்வளவு கெடுபிடி எதற்கென்றால், கெட்டுப்போன கோப்புதான் கடைசியாக எழுதப்பட்ட கோப்பு. கிளவுடின் கண்ணுக்கு அதுவே புதியது, அதுவே சரியானது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அது மற்றக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

எல்லா இடத்திலும் கெட்டுவிட்டதென்றால் பழைய பதிப்பை மீட்கலாம். இணையதளத்தில் கோப்பின் மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கில் 30 நாள் வரை கிடைக்கும். கூகுள் டிரைவ் பழைய பதிப்புகளை 30 நாள் அல்லது 100 பதிப்பு என்ற அளவில் வைத்திருக்கும். தனிப்பட்ட ஒன்டிரைவ் கணக்கில் கடைசி 25 பதிப்புகள். ஒவ்வொரு முறை மூடும்போதும் எழுதப்படும் செட்டிங்ஸ் கோப்புக்கு 25 என்பது ஒரு வாரத்துக்குக்கூட வராமல் போகலாம், தள்ளிப்போடாதீர்கள்.

## அறிகுறி: ஒரு கணினியில் மாற்றியது மற்றதில் வரவே இல்லை

முதல் சந்தேகம் லிங்க் மீது. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, லிங்க் இருக்கும் கோப்புறைக்குப் போய் 'டிர்' கட்டளை கொடுங்கள். பெயருக்கு முன்னால் 'சிம்லிங்க்' அல்லது 'ஜங்ஷன்' (இரண்டும் லிங்க்கின் வகைகள்) என்றும், பின்னால் சதுர அடைப்புக்குள் கிளவுட் பாதையும் வர வேண்டும். மேக், லினக்ஸில் 'எல்எஸ்' கட்டளையை நீள்பட்டியல் வடிவில் கொடுத்தால் பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறி தெரியும். இவை இல்லையென்றால் அங்கே இருப்பது லிங்க் அல்ல, சாதாரணக் கோப்பு. நீங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் அந்தக் கணினியிலேயே தங்கிவிட்டன.

லிங்க் எப்படி மாயமாகிறது? பல செயலிகள் செட்டிங்ஸ் கோப்பை நேரடியாகத் திருத்துவதில்லை. பக்கத்தில் ஒரு தற்காலிகக் கோப்பை முழுதாக எழுதி, அதைப் பழைய பெயருக்கு மாற்றி வைக்கின்றன. நடுவில் மின்சாரம் போனாலும் பாதிக் கோப்பு மிஞ்சாது என்பதால் இது நல்ல பழக்கம்தான். ஆனால் பழைய பெயரில் இருந்தது லிங்க் என்றால் அந்த லிங்க் அழிந்து, அந்த இடத்தில் சாதாரணக் கோப்பு உட்கார்ந்துவிடும். ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட்டாலும் இதே கதிதான்.

ஆகவே தனிக் கோப்புக்கு லிங்க் போடாமல், அது இருக்கும் கோப்புறைக்குப் போடுங்கள். கோப்புறைக்குள் செயலி என்ன பெயர் மாற்றினாலும் லிங்க் தப்பிக்கும். மறுபடி போடும் முன், உள்ளூரில் தங்கிவிட்ட கோப்பையும் கிளவுடில் இருப்பதையும் வின்மெர்ஜ் அல்லது மெல்ட் கொண்டு ஒப்பிட்டு, வேண்டியதைக் கிளவுட் நகலில் சேர்த்துவிடுங்கள்.

லிங்க் போடும்போது தவறுகிற இடங்கள் சில:

- விண்டோஸின் 'எம்கேலிங்க்' கட்டளையில் லிங்க்கின் பெயர் முதலில், உண்மையான இடம் பிறகு. மேக், லினக்ஸின் 'எல்என்' கட்டளையில் நேர்மாறு: உண்மையான இடம் முதலில். இரண்டிலும் மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி உதைக்கும்.
- 'எம்கேலிங்க்' தனி நிரல் அல்ல, கமாண்ட் ப்ராம்ப்ட்டின் உள்ளேயே இருப்பது. பவர்ஷெல்லில் அடித்தால் அப்படியொரு கட்டளையே தெரியாது என்று சொல்லும்.
- சிம்லிங்க் போட நிர்வாகி உரிமை வேண்டும், அல்லது விண்டோஸில் 'டெவலப்பர் மோட்' இயங்க வேண்டும். ஜங்ஷனுக்கு இரண்டும் வேண்டாம், ஆனால் அது கோப்புறைக்கு மட்டும்தான் பொருந்தும்.
- அதே பெயரில் ஏற்கெனவே கோப்புறை இருந்தால் விண்டோஸில் கட்டளை தோற்கும். லினக்ஸில் தோற்காது, சத்தமில்லாமல் அந்தக் கோப்புறைக்கு உள்ளே லிங்க்கைப் போட்டுவிடும், அது இன்னும் மோசம். பழையதைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுப் போடுங்கள்.

லிங்க்கின் திசையும் முக்கியம். உண்மையான கோப்புறை கிளவுடுக்குள் இருக்க வேண்டும். லிங்க் வெளியே, செயலி தேடும் இடத்தில். பழைய குறிப்புகள் பலவற்றில் இது தலைகீழாக இருக்கும், ஏனென்றால் டிராப்பாக்ஸ் ஒரு காலத்தில் தனக்குள் இருக்கும் லிங்க்கைப் பின்தொடர்ந்து வெளியே இருக்கும் கோப்புகளையும் எடுத்துக்கொண்டது. 2019-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது லிங்க் மட்டுமே சிங்க் ஆகும், உள்ளடக்கம் போகாது.

லிங்க் சரியாக இருந்தும் மாற்றம் வரவில்லையா? செயலி எப்போது எழுதுகிறது என்று பாருங்கள். நோட்பேட்++ தன் பொது செட்டிங்ஸை மூடும்போதுதான் எழுதும். அலுவலகத்தில் அதைத் திறந்தபடி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் மாற்றம் இன்னும் வட்டுக்கே போகவில்லை. மறுநாள் அலுவலகத்தில் மூடும்போது, வீட்டில் செய்ததன் மேல் அது எழுதும். கடைசியில் மூடியவர் சொன்னதே சட்டம்.

## அறிகுறி: செயலி புதிதாக நிறுவியது போலத் திறக்கிறது

இதுதான் இருப்பதில் ஆபத்தானது. செட்டிங்ஸ் கிடைக்கவில்லை என்றால் பல செயலிகள் எச்சரிப்பதில்லை. தொழிற்சாலை நிலையில் புதிய கோப்பை எழுதிவிடும். அந்த வெற்றுக் கோப்பு கிளவுடுக்குப் போய், மற்றக் கணினிகளில் உள்ள நல்ல செட்டிங்ஸையும் அழிக்கும். இந்த அறிகுறியைப் பார்த்தால் செயலியை மூடுவதற்கும் முன்பாக, முதலில் சிங்க்கை நிறுத்துங்கள். இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டால் இன்னும் வேகம்.

காரணங்கள் மூன்று.

கோப்பு கணினியிலேயே இல்லை. ஒன்டிரைவின் 'ஃபைல்ஸ் ஆன்-டிமாண்ட்' வசதியில் பெயர் மட்டும் இங்கே இருக்கும், சரக்கு மேலே இருக்கும். மேக ஐகான் இருந்தால் அப்படித்தான். வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் இருந்தால் இப்போதைக்கு இருக்கிறது, இடம் தேவைப்பட்டால் போய்விடலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால்தான் நிரந்தரம். செட்டிங்ஸ் கோப்புறையை வலது சொடுக்கி 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' பல நாள் தொடாத கோப்புகளை மேலே அனுப்பிவிடக்கூடியது என்பதால், எப்போதாவது திறக்கும் செயலிகளில்தான் இது அதிகம் கடிக்கும். கூகுள் டிரைவில் 'ஆஃப்லைன் ஆக்சஸ்' மெனுவில் 'அவைலபிள் ஆஃப்லைன்'. ஐகிளவுடில், மேக்ஓஎஸ் செக்கோயாவில் வந்த 'கீப் டவுன்லோடட்'. அதற்கு முந்தைய பதிப்பென்றால் 'ஆப்டிமைஸ் மேக் ஸ்டோரேஜ்' தேர்வையே அணைக்க வேண்டும்.

செயலி முந்திக்கொண்டது. கணினி தொடங்கும்போதே தானாகத் திறக்கும் செயலி, கிளவுட் மென்பொருள் தயாராகும் முன்பே செட்டிங்ஸைத் தேடும். கூகுள் டிரைவின் 'ஸ்ட்ரீம்' முறையில் இது சாதாரணம். அந்த மென்பொருள் எழுந்த பிறகுதான் அதற்குரிய டிரைவ் எழுத்தே தோன்றும். 'மிர்ரர்' முறைக்கு மாறினால் கோப்புகள் வட்டில் உண்மையாகவே இருக்கும், காத்திருக்கத் தேவையில்லை. மாற விருப்பமில்லை என்றால் செயலியை ஸ்டார்ட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, டாஸ்க் ஷெட்யூலரில் 2 நிமிடத் தாமதத்தோடு தொடங்கவிடுங்கள்.

லிங்க் காட்டும் இடம் நகர்ந்துவிட்டது. மேக்கில் கிளவுட் கோப்புறைகள் பயனர் கோப்புறையிலிருந்து 'லைப்ரரி'க்குள் இருக்கும் 'கிளவுட்ஸ்டோரேஜ்' என்ற இடத்துக்கு மாறின. பழைய பாதையைக் காட்டும் லிங்க்குகள் அந்தரத்தில் தொங்கும். விண்டோஸில் ஒன்டிரைவ் கணக்கை நீக்கிச் சேர்த்தாலும் கோப்புறைப் பெயர் மாறக்கூடும். லிங்க்கை நீக்கிப் புதிய பாதைக்குப் போடுங்கள். நீக்கும்போது விண்டோஸில் கூடுதல் தேர்வு எதுவும் சேர்க்காத 'ஆர்எம்டிர்', மேக், லினக்ஸில் 'அன்லிங்க்'. உள்ளே இருப்பதையும் சேர்த்து அழிக்கும் தேர்வுகளை லிங்க் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

## அறிகுறி: ஒரே கோப்பு இரண்டு மூன்றாகப் பெருகுகிறது

பெயரைப் பார்த்தே எந்தக் கிளவுட் என்று சொல்லிவிடலாம். டிராப்பாக்ஸ் 'கான்ஃப்ளிக்டட் காப்பி' என்று கணினிப் பெயரும் தேதியும் சேர்க்கும். ஒன்டிரைவ் ஒரு கோடு போட்டு கணினிப் பெயரை ஒட்டும். சிங்க்திங் 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்ற சொல்லோடு தேதி, நேரம், சாதன அடையாளம் எல்லாம் சேர்க்கும். அசல் பெயரில் இருப்பதைத்தான் செயலி படிக்கும். பெருகியவை சும்மா கிடக்கும். அவற்றில் உங்களுக்கு வேண்டிய மாற்றம் இருக்கலாம், உடனே அழிக்க வேண்டாம்.

எழுத்துக் கோப்பு என்றால் ஒப்பிட்டு இணைத்துவிடலாம். கீபாஸ்எக்ஸ்சி கடவுச்சொல் பெட்டகம் இப்படி இரண்டாகப் பிரிந்தால் கையால் எதுவும் செய்யாதீர்கள்: முதன்மைப் பெட்டகத்தைத் திறந்து, டேட்டாபேஸ் மெனுவில் 'மெர்ஜ் ஃப்ரம் டேட்டாபேஸ்' கொடுத்து மற்றதைக் காட்டினால் பதிவு பதிவாக இணைத்துக்கொள்ளும்.

தினமும் பெருகுகிறது என்றால், செயலி தேவையில்லாததையும் அதே கோப்பில் எழுதுகிறது. லிப்ரேஆபிஸ் நல்ல உதாரணம். அதன் முதன்மை செட்டிங்ஸ் கோப்பிலேயே சமீபத்தில் திறந்த ஆவணங்களின் பட்டியலும் இருக்கிறது. நீங்கள் எந்த செட்டிங்கையும் தொடாவிட்டாலும் கோப்பு மாறிக்கொண்டே இருக்கும். அங்கே முழு புரொஃபைலையும் (உங்கள் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் கோப்புறை) சிங்க் செய்வதை விட்டுவிட்டு, உங்கள் சொந்தச் சொற்கள் இருக்கும் 'வேர்ட்புக்' கோப்புறையையும் 'ஆட்டோகார்' கோப்புறையையும் மட்டும் லிங்க் செய்தால் முக்கால்வாசிப் பயன் கிடைத்துவிடும்.

சிங்க்திங்கில் எந்தப் பக்கம் தோற்கும் என்பதைக் கோப்பு மாறிய நேரம் தீர்மானிக்கிறது. பழைய நேரம் உடையது ஒதுக்கப்படும். எனவே கடிகாரம் தவறினால் தீர்ப்பும் தவறும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்கள் இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்தால் கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் பிசகும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் எடுத்துக்கொள்வதே காரணம். லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளை கொண்டு உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீரும்.

## அறிகுறி: 'டேட்டாபேஸ் கரப்ட்', 'புரொஃபைல் பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழைகள்

ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட் புரொஃபைலை அப்படியே கிளவுடில் வைத்திருக்கிறீர்கள். வைக்கக்கூடாது. இதில் சமாதானம் இல்லை.

புக்மார்க், வரலாறு போன்றவை எஸ்க்யூலைட் தரவுத்தளங்களில் இருக்கின்றன. எழுதும்போது முதன்மைக் கோப்பின் பக்கத்தில் துணைக் கோப்பு ஒன்றில் முதலில் எழுதி, பிறகு முதன்மையில் சேர்ப்பது அவற்றின் முறை. கிளவுட் மென்பொருள் முதன்மையை ஒரு கணத்திலும் துணையை இன்னொரு கணத்திலும் பதிவேற்றும். மறுபக்கத்தில் இறங்குவது ஒன்றுக்கொன்று பொருந்தாத ஜோடி. அது உடனே தெரியாமல் சில நாள் கழித்துத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை. போதாக்குறைக்குப் பூட்டுக் கோப்பும் சேர்ந்து பயணித்தால், திறக்காத ஃபயர்ஃபாக்ஸ் திறந்திருப்பதாகச் சொல்லும்.

பதிப்பு வேறுபாடும் உண்டு. 2019-இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 67 முதல், புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். அலுவலகத்தில் பழைய பதிப்பும் வீட்டில் புதியதும் இருந்தால் முட்டல் நிச்சயம்.

செய்ய வேண்டியது: புரொஃபைலைக் கிளவுடுக்கு வெளியே கொண்டுவந்து, புக்மார்க், கடவுச்சொல்லுக்கு ஃபயர்ஃபாக்ஸின் சொந்த சிங்க்கைப் பயன்படுத்துங்கள். 'அபவுட் கான்ஃபிக்' பக்கத்தில் செய்யும் நுண்மாற்றங்களை 'யூசர் டாட் ஜேஎஸ்' என்ற எழுத்துக் கோப்பில் எழுதி, அதை மட்டும் கிளவுடில் வையுங்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் அது படிக்கப்பட்டு மற்றவற்றை மீறும். ஃபயர்ஃபாக்ஸ் அதில் எழுதாது என்பதால் மோதலும் வராது.

நிரல் எழுதப் பயன்படும் வி.எஸ். கோடிலும் இதே பொறி இருக்கிறது. அதன் 'யூசர்' கோப்புறைக்குள் செட்டிங்ஸ் கோப்போடு 'குளோபல் ஸ்டோரேஜ்', 'வொர்க்ஸ்பேஸ் ஸ்டோரேஜ்', 'ஹிஸ்டரி' எல்லாம் கலந்து கிடக்கும். உள்ளே எஸ்க்யூலைட் கோப்பும் உண்டு. முழுக் கோப்புறையையும் லிங்க் செய்தால் சிங்க் ஐகான் சுற்றுவது நிற்காது, லேப்டாப் விசிறியும் நிற்காது. அதிலேயே உள்ள 'செட்டிங்ஸ் சிங்க்'கை இயக்குவதே மேல். எக்ஸ்டென்ஷன் கோப்புறையை ஒருபோதும் கிளவுடில் வைக்காதீர்கள்; சிலவற்றில் இயங்குதளத்துக்கென்றே தொகுத்த நிரல்கள் இருக்கும்.

## அறிகுறி: எல்லாம் வந்தது, கடவுச்சொற்கள் மட்டும் வரவில்லை

கோளாறு அல்ல. விண்டோஸில் குரோம் போன்ற செயலிகள் கடவுச்சொல்லை உங்கள் விண்டோஸ் கணக்கோடு கட்டுண்ட சாவியால் பூட்டுகின்றன. கோப்பு இன்னொரு கணினிக்கு வரும், சாவி வராது. இதைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடாமல், கடவுச்சொல் மேலாளர் ஒன்றுக்கு மாறிவிடுங்கள்.

கவலைப்பட வேண்டியது எதிர்ப்பக்கம்: கடவுச்சொல்லும் சேர்ந்து வந்துவிட்டால். சர்வருக்குக் கோப்பு அனுப்பும் ஃபைல்ஜில்லாவின் தள மேலாளர் கோப்பில், மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்காவிட்டால் கடவுச்சொற்கள் பேஸ்64 வடிவில் இருக்கும். அது பூட்டு அல்ல, வெறும் உருமாற்றம். யாரும் ஒரு நொடியில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். கிளவுடுக்கு அனுப்பும் முன் மாஸ்டர் பாஸ்வேர்டு வையுங்கள்.

## அறிகுறி: விண்டோஸில் சரி, லினக்ஸிலும் மேக்கிலும் தகராறு

முழுப் பாதையை எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சி டிரைவில் தொடங்கும் பாதை மற்றவற்றில் அர்த்தமற்றது. இரண்டு விண்டோஸ் கணினிகளில் பயனர் பெயர் வேறாக இருந்தாலும் அப்படியே. செயலி அனுமதித்தால் 'யூசர்புரொஃபைல்' மாறி அல்லது அலைக்குறி (~) கொண்டு எழுதுங்கள்.

விம் என்ற எழுத்துத் திருத்தி திறந்ததும் வரிக்கு ஒரு பிழை வந்து, ஒவ்வொன்றின் கடைசியிலும் கூரைக்குறியும் 'எம்' எழுத்தும் (^M) தெரிந்தால், விண்டோஸ் பாணி வரி முடிவு புகுந்துவிட்டது. 'டாஸ்2யுனிக்ஸ்' ஓட்டினால் சரியாகும்.

கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். ொ, ோ, ௌ ஆகிய மூன்றையும் யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ கோப்பு முறை பெயர்களைத் துண்டாக்கிச் சேமித்தது. விண்டோஸும் லினக்ஸும் நீங்கள் அடித்ததை அப்படியே வைக்கும். விளைவு, லினக்ஸில் 'கோப்புகள்' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், லிங்க் ஒன்றைக் காட்டும், சிங்க் மற்றதில் நடக்கும். 'கான்வ்எம்வி' கருவியின் என்எஃப்சி தேர்வு பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். ஆவணங்களுக்குத் தமிழ்ப் பெயர் வையுங்கள், தாராளமாக; செட்டிங்ஸ் பாதையில் மட்டும் சிறிய ஆங்கில எழுத்துகள் போதும். சிறிய எழுத்து என்பதற்கும் காரணம் உண்டு: லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு, மற்ற இரண்டுக்கும் பொதுவாக ஒன்றே.

## அறிகுறி: செயலி ஓடுகிறது, சன்னல் காணவில்லை

இரண்டு திரை உள்ள கணினியில் வைத்த இடம், ஒரே திரை உள்ள கணினிக்கு வந்துவிட்டது. விண்டோஸில் ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தி, 'எம்' அடித்து, ஒரு அம்பு விசையைத் தட்டியபின் மவுஸை நகர்த்தினால் சன்னல் கூடவே வரும்.

## அறிகுறி: சிங்க் செய்யக் கோப்பே அகப்படவில்லை

தொலைவில் உள்ள கணினியோடு இணைய உதவும் புட்டி (PuTTY), தன் செஷன்களை (சேமித்த இணைப்பு விவரங்களை) விண்டோஸின் செட்டிங்ஸ் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் வைக்கிறது. ரெஜெடிட்டில், நடப்புப் பயனர் கிளையின் 'சாஃப்ட்வேர்' பகுதியில், 'சைமன்டாதம்' என்பதன் கீழ் இருக்கும். அந்தக் கிளையை ஏற்றுமதி செய்து, கோப்பைக் கிளவுடில் போட்டு, மற்றக் கணினியில் இரட்டைச் சொடுக்கு. இது தானாக நடக்கும் சிங்க் அல்ல. செஷன் சேர்க்கும்போதெல்லாம் மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டும்.

மேக்கில் கோப்பு அகப்படும், ஆனால் பயன்படாது. 'பிரிஃபரன்சஸ்' கோப்புறையில் உள்ள பிலிஸ்ட் (செயலிகளின் செட்டிங்ஸ்) கோப்புகளைப் பின்னணியில் ஓடும் ஒரு சேவை தன் நினைவில் வைத்துக்கொண்டு ஆள்கிறது. கிளவுட் கோப்பை மாற்றினாலும் அது பழையதையே செயலிக்குக் கொடுக்கும். மேக்ஓஎஸ் சோனோமா முதல் அங்கே சிம்லிங்க் போடுவதும் எடுபடாது. செட்டிங்ஸைக் கிளவுடுக்கு நகர்த்தி லிங்க் போட்டுத்தரும் மேக்கப் (Mackup) கருவியின் லிங்க் முறையை நம்பியிருந்தவர்களுக்கு அந்தப் பதிப்பில் செட்டிங்ஸ் உடைந்ததற்கு இதுவே காரணம். செயலியை மூடிவிட்டு, 'டிஃபால்ட்ஸ்' கட்டளையின் 'எக்ஸ்போர்ட்' கொண்டு கிளவுடுக்கு எழுதுங்கள். மறுபக்கத்தில், அங்கும் செயலியை மூடிவிட்டு, 'இம்போர்ட்' கொடுங்கள். அந்தச் சேவை வழியாகவே போவதால் மாற்றம் அப்போதே ஏறும்.